இயல்பான சத்தம்

அத்தான் அந்தக் காரை வாங்கியது சின்னவளின் பேச்சைக் கேட்டு. பின்னால் நடந்ததற்கெல்லாம் யார் பொறுப்பு என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது எல்லாரும் அவள் பக்கம் திரும்பியதும் அதனால்தான்.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். நாற்பதைத் தாண்டியும் அது அவளை விடவில்லை. ஒரு கார் கம்பெனியின் ஷோரூமில், சர்வீஸ் கவுண்டரில் அவளுக்கு வேலை. வண்டியில் கோளாறு என்று வருகிறவர்களிடம் முதலில் பேசுவதும் அவள்தான், கடைசியில் பேசுவதும் அவள்தான். நடுவில் நடப்பதெல்லாம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில். திட்டு மட்டும் இந்தப் பக்கம்.

அத்தான், அதாவது அக்காவின் புருஷன், பல் டாக்டர். "பிடுங்குற தொழில்ல இருந்துகிட்டு யார்கிட்டயும் எதையும் பிடுங்கத் தெரியாத மனுஷன்" என்பாள் அக்கா. குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. வேகமான கார் ஒன்று வேண்டும். அதன் எஞ்சின் உறுமுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். "நாள் முழுக்க ட்ரில் சத்தம் கேட்கிற காதும்மா இது. சாயங்காலமாவது நல்லதா ஒண்ணு கேட்கட்டுமே" என்று சின்னவளிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போன பிறகுதான் அந்த ஆசைக்கு வேளை வந்தது. பந்தயக் கார் போல எஞ்சின் வைத்த புது மாடல் ஷோரூமில் வந்து இறங்கியபோது, "கண்ண மூடிகிட்டு வாங்கலாம் அத்தான், நான் இருக்கேன்ல" என்றாள் அவள்.

டெலிவரி அன்று பட்டறை ஆட்கள்கூடக் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். அத்தான் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். வண்டி உறுமிய உறுமல் தரை வழியாக ஏறி எல்லார் உள்ளங்காலிலும் கூசியது. அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட இவர் முகம் இப்படி மலரல" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, அத்தான் கவுண்டருக்கு வந்து மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்றார்.

"ஒண்ணுமில்லம்மா. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது உள்ள ஒரு சத்தம் வருது. சிக்னல்ல நிக்கும்போதும் கேக்குது. பாத்திரத்த நகத்தால தட்டுற மாதிரி. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ."

அதே சத்தத்தை, அதே போல நகத்தையும் பாத்திரத்தையும் சொல்லி, வேறு இரண்டு பேர் அதற்கு முன்பே வந்து போயிருந்தார்கள்.

பட்டறையில் மூத்த மெக்கானிக்கைக் காதுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கேட்பது அவர் வழக்கம். அத்தானின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டார். கடைசியில் கம்பியைத் துடைத்து மாட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தம் இருக்கு. எங்கேர்ந்துன்னுதான் பிடிபடல. இங்க வச்சா அங்க கேக்குது, அங்க வச்சா இங்க கேக்குது. பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். கம்பெனி சொல்லாம நான் ஒரு திருகக்கூடத் தொட முடியாது."

சத்தத்தைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பினார்கள். பதில் சீக்கிரமே வந்தது. இந்த வகை எஞ்சினுக்கு இது இயல்பான சத்தம், பாகங்களைப் பிரிக்க வேண்டாம், வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லவும் என்று இருந்தது. முன்பு வந்த இருவருக்கும் இதே வார்த்தைகள்தான் வந்திருந்தன. சின்னவள் அவர்களிடம் அதைத் தடுமாறாமல் சொல்லியிருந்தாள். அத்தானிடம் சொல்லும்போது மட்டும் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்தாள்.

"கம்பெனிக்காரங்களே சொல்றாங்கன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணும்மா. பல்லு வலிக்குதுன்னு வருவாங்க. எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணுமே இருக்காது. அதுக்காக உனக்கு வலிக்கலன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அக்கா அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர். அன்றே போனில் பிடித்துக்கொண்டாள்.

"அதென்னடி இயல்பு?"

"அந்த மாடல் எல்லாத்துலயும் அந்தச் சத்தம் இருக்குக்கா. ஷோரூம்ல நிக்கிற வண்டியிலகூட இருக்கு."

"என் வகுப்புல எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்தா, காய்ச்சல் இயல்புன்னு சொல்லி உட்கார வச்சுப் பாடம் நடத்துவேனா?"

சின்னவள் போனை வைத்தாள். மேலிடத்துக்கு எழுதினாள், மறுபடியும் எழுதினாள். புகார்கள் சேரச் சேர, கம்பெனி ஒரு நிபுணரை அனுப்பியது. தூக்கம் கெட்ட கண்களோடு ஓர் இளைஞர் பெட்டி நிறையக் கருவிகளுடன் வந்தார். அத்தானின் எஞ்சினில் ஒயர்களை ஒட்டி, மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தார். வண்டியில் குறை இல்லை, வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்தார்.

மதியம் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தாள் சின்னவள்.

"சார், நான் கம்பெனி ஆளாக் கேக்கல. அது எங்க அக்கா வீட்டு வண்டி. உள்ள என்னதான் சத்தம் அது?"

அவர் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தார். "தெரியலங்க" என்றார்.

"சொல்லக் கூடாதா, தெரியலயா?"

"தெரியல. எங்க ஆபீஸ்ல இருக்கிறவங்க எல்லாருமே கேட்டுட்டோம். ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க, எதுவும் நிரூபணமாகல. சில வண்டி சத்தத்தோடயே ஓடிகிட்டிருக்கு. சில வண்டி..." என்றவர் நிறுத்திவிட்டார். "கம்பெனி எனக்குக் குடுத்திருக்கிறதும் அதே மாடல்தான். நான் கண்ணாடிய ஏத்திட்டுப் பாட்டு போட்டுக்குவேன்."

இத்தனை நாளும் கம்பெனி எதையோ மறைக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மறைத்தால் ஒருநாள் தோண்டி எடுக்கலாம். அங்கே தோண்டி எடுக்க ஒன்றுமே இல்லை.

குளிர் ஆரம்பித்த சமயம் கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பியது. காரின் கணினியில் அதை ஏற்றினால் சத்தப் பிரச்சினை தீரும் என்றார்கள். ஏற்றினார்கள். தீர்ந்தது. வண்டி முன்பைவிடக் கம்பீரமாக உறுமியது. நகத்தால் தட்டும் சத்தம் போன இடம் தெரியவில்லை. அத்தான் முகத்தில் மறுபடியும் அந்தப் பழைய களை வந்தது. "எங்க சின்னவ விடாப்பிடியா நின்னு சரி பண்ணிக் குடுத்துட்டா" என்று வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொன்னார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் மறுத்தா பேசப் போகிறார்கள்? அக்காவும் அவரும் மகன் ஊருக்கு அந்தக் காரிலேயே போய்வருவது என்று முடிவாயிற்று.

அந்த வாரம் காதுக்காரர் அவளைப் பட்டறைக்குள் கூப்பிட்டார். அப்டேட் ஏற்றிய வேறொரு கார் ஓடிக்கொண்டிருந்தது. "கேளுங்க" என்று சொல்லி, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்ன ஃப்யூஸைப் பிடுங்கினார். சிங்கம் பூனையானது. உறுமல் அடங்கி மெல்லிய இரைச்சல் ஒன்று மிஞ்ச, அதன் நடுவே அந்தச் சத்தம் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"உறுமல்ல பாதி ஸ்பீக்கர்ல வர்றதும்மா. முதல்லேர்ந்தே அப்படித்தான் போல. இப்ப அதக் கூட்டி வச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

சொல்வதா வேண்டாமா என்று சின்னவள் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தாள். சொல்லாமல் விட்டால் நல்ல பெயரோடு இருந்துவிடலாம். ஆனால் உள்ளே எதுவோ தேய்கிறது. இப்போது அது காதிலும் விழாது. அந்த நிலையில் இரண்டு பேரும் நெடுஞ்சாலையில் போகப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், போர்ட்டிகோவில் நின்ற காரில் அத்தானை உட்கார வைத்து, விஷயத்தைச் சொன்னாள்.

"அந்த ஃப்யூஸ எடும்மா" என்றார் அவர்.

எடுத்தாள். அத்தான் நோயாளியின் வாய்க்குள் பார்ப்பது போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து வெகுநேரம் கேட்டார். தட்டும் சத்தத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"அப்ப டெலிவரி அன்னிக்கு நான் கேட்டது?"

"அதுலயும் ஸ்பீக்கர் சேர்ந்துதான் அத்தான்."

"இவ்வளவுதானா" என்றார். எஞ்சினை அணைத்து, சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவள் ஃப்யூஸைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கினாள்.

அக்கா வாசல்வரை வந்தாள். "எஞ்சின் சரியாகலன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. அந்த உறுமலையாவது அவருக்கு விட்டு வச்சிருக்கக் கூடாதாடி?"

மகன் ஊருக்கு அவர்கள் ரயிலில் போனார்கள். ஆனால் நகரத்துக்குள் ஓட்டித்தானே ஆகவேண்டும். வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில், அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வரும் வழியில், மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் படாரென்று வெடித்தது போல ஒரு சத்தத்தோடு இறுகி நின்றது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டும் நிற்காமல் முட்டியது. அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் கழுத்தில் எலும்பு பிசகிவிட்டது. மாதக்கணக்கில் பட்டை போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினாள்.

கம்பெனி இந்தத் தடவை தாமதிக்கவில்லை. நல்லெண்ண அடிப்படையில் புது எஞ்சினே போட்டுத் தருகிறோம், எங்கள் பக்கம் தவறு என்று இதற்குப் பொருள் இல்லை என்றார்கள். அத்தான் கையெழுத்துப் போட்டார். வழக்குப் போடலாமே என்று மகன் போனில் குதித்தான். "போட்டா என்ன கேப்பாங்க? என்ன கோளாறுன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?" என்றார் அவர்.

பழைய எஞ்சினைப் பிரித்து ஒரு தடவை பார்க்கக் காதுக்காரர் ஆசைப்பட்டார். அதற்குள் கம்பெனியின் லாரி வந்து, மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்து, ஏற்றிக்கொண்டு போய்விட்டது. உள்ளே உடைந்தது எது, ஏன் உடைந்தது என்று அதற்குப் பின் யாரும் எழுதவில்லை. சின்னவள் கேட்டு எழுதியதற்கு, விவரம் பெறப்பட்டது, நன்றி என்று பதில் வந்தது.

புது எஞ்சின் போட்ட வண்டியை எடுத்துப் போக அத்தான் காலையிலேயே வந்தார். அக்கா வரவில்லை, மேம்பாலத்துக்குப் பிறகு அவள் தங்கையோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பட்டறை வாசலில் அத்தானும் சின்னவளும் காதுக்காரரும் மட்டும் நின்றார்கள். அத்தான் முதலில் அந்த ஃப்யூஸைக் கழற்றினார். பிறகு ஸ்டார்ட் செய்தார்.

எஞ்சின் சன்னமாக இரைந்தது. கொஞ்ச நேரம் அந்த இரைச்சல் மட்டும்தான். சின்னவள் மூச்சு விட்டாள். அப்புறம் உள்ளே எங்கேயோ நகம் ஒன்று பாத்திரத்தில் தட்ட ஆரம்பித்தது. காதுக்காரர் கம்பியை எடுக்கக்கூட இல்லை. தரையைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டார்.

சின்னவள் வாயைத் திறந்தாள். அத்தான் முந்திக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா. நீ வேலையப் பாரு."

"அத்தான்..."

"அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம். சத்தமே இல்லன்னு நானே சொல்லிடறேன்."

அவர் ஃப்யூஸைத் திரும்ப மாட்டினார். வண்டி சிங்கமாக உறுமிக்கொண்டு வெளியே போனது. தெருமுனையில் நின்ற இரண்டு பையன்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் கிளினிக்குக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். விற்றுவிடுங்களேன் என்று எல்லாரும் சொன்னார்கள். பார்க்க வந்த முதல் ஆளிடமே, அக்கா காதுபட, அவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட, அந்த ஆள் கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டாவதாக ஒருவர் வந்தபோது, சொல்ல வேண்டாம் என்று அக்கா கண்ணைக் காட்டினாள். அத்தானால் பொய்யும் சொல்ல முடியவில்லை, மெய்யும் சொல்ல முடியவில்லை. வண்டி விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்.

கார் போர்ட்டிகோவில் உறை போர்த்தி நின்றது. பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க அவ்வப்போது அதை ஸ்டார்ட் செய்ய வேண்டும். அத்தான் ஸ்டார்ட் செய்துவிட்டு, கதவை மூடிவிட்டு, கேட்டுக்கு வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டு நிற்பார். அந்த நேரம் பார்த்து அக்கா சமையலறையில் மிக்ஸியைப் போடுவாள். உள்ளே அரைக்க எதுவும் இல்லாத நாட்களிலும் போடுவாள். ஒருநாள் சின்னவள் போயிருந்தபோதும் அப்படித்தான் நடந்தது. சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து, மிக்ஸி நிற்கும்வரை காத்திருந்தாள். நின்றதும், போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாள். இரு என்று யாரும் சொல்லவில்லை.