மாப்பிள்ளை இழைத்த கட்டை

ஜன்னல் வெளிச்சத்தில் துப்பாக்கிக் கட்டையைத் திருப்பிப் பார்த்தான். முத்திரை இல்லை. மறுபக்கம் புரட்டினான். மறுபக்கத்தில் அது எப்போதுமே இருந்ததில்லை, இருந்தாலும் தேடினான்.

"எப்படி மச்சான்? கண்ணாடி மாதிரி வந்திருச்சுல்ல?"

தங்கை புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இமையில், மீசையில், சட்டையில் எல்லாம் மரத்தூள். மேசைமேல், அவன் இல்லாத நேரத்தில் ஓடிய உப்புத்தாள் மெஷின் இன்னும் சூடாக இருந்தது.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட துப்பாக்கி. இரும்பெல்லாம் அதன் சொந்தக்காரியான கண் டாக்டர் அம்மாவின் வீட்டுப் பெட்டியில் பூட்டியிருக்க, உடைந்த மரம் மட்டும் பட்டறைக்கு வந்தது. பிடிக்கிற கழுத்தில் விரிசல். விரிசலுக்குள் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் இறங்கி ஊறியிருந்தது. எண்ணெய் குடித்த மரத்தில் பசை பிடிக்காது. சுண்ணாம்புக்கட்டி மாவைக் குழைத்து அப்பி, காயவைத்து, உதிர்த்து, மறுபடி அப்பி அந்த எண்ணெயை வெளியே இழுக்கவே மழைக்காலம் முழுக்கப் போயிற்று. பிறகுதான் பசை, உள்ளே வெளித்தெரியாமல் ஒரு மரக்குச்சி. மேலே இருந்த பள்ளங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டி எழுப்பினான். உப்புத்தாளைக் கிட்டவே கொண்டுபோகவில்லை. டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அழுக்கு இருந்தா இருக்கட்டும். முத்திரை மட்டும் மழுங்கக் கூடாது." வட்டத்துக்குள் இரண்டு எழுத்து. செய்த காலத்தில் துப்பாக்கியைச் சோதித்தவர், சரியென்று அடித்தது. அது இருந்தால்தான் இந்தக் கட்டை அந்தத் துப்பாக்கியோடு பிறந்தது. இல்லாவிட்டால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இவனைத் தேடி வருவதே அந்த அம்மா வாய்ச்சொல்லால்தான். மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"சொல்லுங்க மச்சான்."

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. போய் முகம் கழுவுங்க."

மாப்பிள்ளை பின்பக்கம் போனார். வேறு ஆளாக இருந்தால் இந்நேரம் உளி பறந்திருக்கும். தங்கை புருஷனை என்ன செய்வது? மெஷினின் வயரைப் பிடுங்கினான். பிளக் சுவர்ப் பெட்டியோடு கழன்று வந்தது. சுவரைத் திட்டினான். குப்பைக் கூடையை எட்டி உதைத்தான். கட்டைவிரல் வலித்தது. கூடை செய்தவனைத் திட்டினான். அந்த நேரம் பார்த்து வார்னிஷ் கடைக்காரர் போன் செய்து, "நீங்க கேட்ட டப்பா வந்திருக்குண்ணே" என்றார். பாவம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, "நமக்கும் ஒரு துணையாச்சு, பட்டறைக்கு வந்துருங்க" என்று கூட்டி வந்தவன் இவன்தான். ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தான். போன் எடுக்கவிட்டான். உளியைத் தொடவிட்டதில்லை. ஒருமுறை அவர் வார்னிஷைக் கொட்டியபோது, "பரவால்ல மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க" என்று தானே குனிந்து துடைத்தான். துடைக்கும்போது பல்லைக் கடித்த சத்தம் அவனுக்கே கேட்டது.

தங்கை சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். சுவரில் தொங்கிய வயரைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். இந்தப் பட்டறையில் வளர்ந்தவள். அவளுக்கு மரம் தெரியும்.

"முத்திரை எங்கண்ணே?"

"உன் புருஷனைக் கேளு."

"நீ கேட்டியா?"

அவன் கட்டையை மேசைமேல் வைத்தான்.

"நான் உளியைக் கீழ போட்டப்ப என் வம்சத்தையே இழுத்துத் திட்டினே. அது உன் வம்சமும்தான்னு பாதியிலதான் உனக்கு ஞாபகம் வந்துச்சு. இப்ப மட்டும் வாயைத் தைச்சுக்கிட்டு நிக்கிறே?"

"மெல்லப் பேசு. மாப்பிள்ளை காதுல விழும்."

"விழட்டும். முத்திரைன்னா என்னன்னு அவருக்கு ஒரு நாளாவது சொன்னியா?"

"அவரு எதுக்கு அதெல்லாம் தெரிஞ்சுக்கணும்?"

"அதைச் சொல்லித்தான் வீட்ல மருகுறாரு. உங்கண்ணன் என்னை ஷோகேஸ் பொம்மையாட்டம் வச்சிருக்காருன்னு."

மாப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார்.

"தப்பாயிருச்சா மச்சான்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை."

"வட்டமா ஒண்ணு இருந்துச்சு. யாரோ சூடு வச்ச தழும்புன்னு நினைச்சேன்." கட்டைமேல் கையை வைத்தார். "அதே மாதிரி ஒண்ணு அடிச்சிட்டா என்ன? உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அந்தம்மாவுக்கு எங்க தெரியப்போகுது?"

அந்த யோசனை அவனுக்கும் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. எந்த இரும்பில் எழுத்தை வெட்டுவது, எந்தச் சாயத்தைத் தேய்த்தால் பழசாகத் தெரியும் என்பதுவரை, குப்பைக் கூடையை உதைத்தபோதே யோசித்து முடித்திருந்தான்.

"யோவ்!"

தங்கை கேரியரைக் கீழே வைத்தாள்.

"மனுஷனாய்யா நீ? மழைக்காலம் பூரா உசிரக் குடுத்து உழைச்சிருக்கேன்யா! இடுப்பு போச்சு, கண்ணு போச்சு. தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க முடியாதா? மெஷினைக் கண்டா கை அரிக்குதா உனக்கு? பண்றதையும் பண்ணிட்டு, போலி முத்திரை வேற அடிக்கணுமா? என்னைத் திருடனாக்கப் பாக்குறியா?"

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. துண்டைத் தரையில் எறிந்தார்.

"கேட்டா பதில் சொல்வீங்களா? நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. இதைத் தவிர ஒரு வார்த்தை உங்க வாயில வந்திருக்கா? நாய்க்குக்கூட உக்காருன்னு சொன்னா, அடுத்தாப்ல எந்திரின்னும் சொல்வாங்க!"

தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் அவளை முறைத்தார்கள்.

வாசலில் கார் வந்து நின்றது. டாக்டரம்மாவின் டிரைவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அவன் கட்டைக்குக் கை நீட்டினான். அதற்குள் மாப்பிள்ளை அதை எடுத்துவிட்டிருந்தார்.

"குடுய்யா. நான் பேசிக்கிறேன்."

"அழிச்சவன் நான்."

"பட்டறை என்னுது."

"இருக்கட்டும். நீங்க உக்காருங்க."

போய்விட்டார். அவன் பின்னாலேயே பாய்ந்தான். தங்கை கதவுக்குக் குறுக்கே கையை வைத்தாள். "போக விடு" என்றாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

மூடிய ஜன்னலுக்கு வெளியே நடப்பது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. டாக்டரம்மா கட்டையை வாங்கினார். புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். மாப்பிள்ளை ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாவின் வாய் வேகவேகமாக அசைந்தது. மாப்பிள்ளை மறுபடியும் நெஞ்சைத் தொட்டார். டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவனுக்குத் தொண்டை இன்னும் எரிந்தது. கதவருகே நின்ற தங்கையை, வெளியே நின்ற அந்த ஆளை, மத்தியான வெயிலைத் திட்ட வேண்டும்போல இருந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லத்தான் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அந்த அம்மா கையை நீட்டி, இவன் நின்ற ஜன்னலைக் காட்டினார். மாப்பிள்ளை தலையை ஆட்டி மறுத்தார். அந்த அம்மாவின் கை கீழே இறங்கவில்லை. மாப்பிள்ளை திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து, ஜன்னல் கண்ணாடியை ஒட்டினாற்போல நின்றார். காரும் தெருவும் மறைந்துபோயின. ஜன்னல் முழுக்க அவர் முதுகுதான் தெரிந்தது. வியர்வையில் நனைந்த சட்டை, அதில் அப்பிய மரத்தூள், பேசப் பேச ஏறி இறங்குகிற தோள்கள்.