ரிஸ்மியாவின் சிங்களம்

கனடாவின் ஸ்காபரோவில் ரிஸ்மியாவின் மீன்கடையில் ஒரே மீனுக்கு மூன்று பெயர். யாழ்ப்பாணத்தாருக்கு அறக்குளா, சிங்களவருக்குத் தோரா, மற்றவர்களுக்குக் கிங்பிஷ். இலங்கையின் தெற்கே, சிங்களவர் நடுவிலுள்ள பேருவளையில் பிறந்த அவளுக்கு, வருபவரின் முகத்தைக் கண்டதுமே நாக்கு தானாக மாறிவிடும்.

வன்னியில் போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்த காலையில், கடைக்கு வந்த தமிழர்கள் மீனைப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த தொலைக்காட்சியையே பார்த்தபடி நின்றார்கள். அப்போது வழக்கமாக வரும் சிங்களப் பெண்மணி ஒருத்தி உள்ளே வந்து, "நங்கி, தோரா தியெனவத?" என்று, தங்கச்சி தோரா இருக்கிறதா என்று, சிங்களத்தில் கேட்டாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ரிஸ்மியா ஆங்கிலத்துக்கு மாறினாள்.

"சொறி, நோ கிங்பிஷ் டுடே."

மீன் ஐஸின் மேல் நீளமாகக் கிடந்தது. அந்தப் பெண்மணி அதைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், வெளியேறினாள்.

மற்றவர்கள் போன பிறகும் சந்திரவதனா நின்றார். நெடுநாள் வாடிக்கையாளர்.

"உமக்குச் சிங்களம் தெரியும்தானே?"

ரிஸ்மியா வாசல் பக்கம் பார்த்தாள். "கொஞ்சம்தான் அன்ரி."

"தம்பியின்ரை மகள் துவாரகா வவுனியாவிலை ஆஸ்பத்திரியிலை எண்டு ஒராள் சொன்னவர். நான் எடுத்தால் சிங்களத்திலை ஏதோ கேட்டுப்போட்டு வைக்கினம். ஒருக்காக் கதைச்சுத் தாரும்."

கடையின் பின்பக்கம் போய் ரிஸ்மியா சந்திரவதனா நீட்டிய இலக்கத்தை அழுத்தினாள். ஓர் ஆண்குரல் எடுத்தது. அவள் சிங்களத்தில் பணிவாகக் கேட்டாள். குரல் இறுகியது. நீ யார், எங்கிருந்து பேசுகிறாய், இந்தப் பிள்ளை உனக்கு என்ன முறை?

பெயரைச் சொன்னால் பேருவளையிலிருக்கும் வாப்பாவைத் தேடிப் போவார்களோ என்று நினைத்தாள். வேறு பெயர் சொல்லலாமென்றால் ஒன்றும் வாயில் வரவில்லை. தன் பெயரையே சொன்னாள். பிறகு ஒரு தாதி பேசினாள். கேட்டுவிட்டு ரிஸ்மியா சந்திரவதனா பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை உயிரோடை இருக்கிறா அன்ரி. காலிலை காயம், ஆனா இருக்கிறா."

"தம்பி?"

"பிள்ளை தனியத்தான் வந்தவவாம்."

சந்திரவதனா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரிஸ்மியாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சிங்களப் பெண்மணி பிறகு வரவேயில்லை. ஊரிலிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம், வாப்பாவுக்கு ஏதும் நடந்துவிட்டதோ என்று ரிஸ்மியா பயந்துகொண்டே எடுத்தாள்.

ஆனால் ஒரு நாள் காலை கடை திறக்க வந்தபோது, கதவடியில் சந்திரவதனா சொல்லி வந்த இரண்டு பெண்கள் ஆஸ்பத்திரித் தொலைபேசி இலக்கங்களோடு காத்திருந்தார்கள். அவள் தெருவை இருபுறமும் ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ளுக்கு வாங்கோ," என்றாள்.