இடது கைக்கு ஒரு கிளட்ச்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நானாக நினைக்கவில்லை. எழுதச் சொன்னது என் அக்கா சித்ரலேகா. "ஊர்ல உள்ளவங்க கதையெல்லாம் எழுதுத. என் வண்டிக்குக் கிளட்ச் மாத்துனத எழுதேம்லே" என்றாள். உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

ஐம்பத்துமூன்று வயதில் சித்ரலேகா தன் பழைய புல்லட்டிடம் விடைபெற

வாங்கி வாசித்தவள், "நான் எப்பம்லே விடைபெற்றேன்?" என்று கேட்டாள். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அதை அழிக்கவில்லை. நான் எந்தப் பக்கம் சாய்கிறவன் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

2

நடந்தது இதுதான். சித்ரலேகா சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபத்தாறு வயதில் வாங்கிய எழுபத்துநாலாம் வருட புல்லட்டில்தான் பாளையங்கோட்டையிலிருந்து தினமும் போய்வந்தாள். போன ஐப்பசி மழையில் படியில் வழுக்கி இடது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, பிடி கூடவில்லை. பாட்டில் மூடியைத் திறக்கக்கூட வலது கைதான் வர வேண்டும். புல்லட்டில் கிளட்ச் இருப்பதோ இடது பக்கம்.

தை பிறந்ததும் வண்டியை எடுத்தாள். எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டை சிக்னலில் கிளட்சை இழுத்தபோது அது பாதிவரைதான் வந்தது. வண்டி ஒரு துள்ளு துள்ளி, முன்னால் நின்ற ஆட்டோவில் இடித்து அணைந்தது. இறங்கி வந்த ஆட்டோக்காரர் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வண்டியை ஓரமாகத் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பிறகு அக்கா சொன்னாள்.

[இங்கே அவள் அழுததாக ஒரு பத்தி இருந்தது. அவள் அழவில்லை. எடுத்துவிட்டேன்.]

3

மறுநாள் வண்டியை மேலப்பாளையத்தில் அலி அக்பர் பட்டறைக்குக் கொண்டுபோனாள். பழைய வண்டிகளுக்கு அவர்தான்.

"டீச்சர், கை இப்படி இருக்கையில ஸ்கூட்டர் எடுத்துக்கிடலாம்லா."

"நான் வண்டி கேக்கல பாய். கிளட்ச் கேக்கேன்."

முதலில் அலி அக்பரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதையில் யாராவது குறுக்கே நிற்க வேண்டுமே. உண்மையில் அந்த மனிதர் சிரித்துவிட்டு, உடனே கிளட்ச் மூடியைக் கழற்றினார். பழைய கிளட்சில் தட்டுகள் குறைவு. அவற்றை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் முரடாக இருக்க வேண்டும். அந்த முரட்டைத்தான் கை இழுக்கிறது. தட்டுகள் கூடுதலாக உள்ள புது செட் போட்டால் இளகின ஸ்பிரிங்கே போதும் என்றார். கோயம்புத்தூரிலிருந்து செட் வருவதற்குப் பத்து நாளாகும்.

அந்தப் பத்து நாளில் நான் ஒரு காரியம் செய்தேன். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கும் மெர்வினுக்குப் போன் செய்து, அக்கா வண்டி விலைக்கு வரும் என்று சொன்னேன். அக்காவிடம் சொல்லவில்லை.

4

புது செட் மாட்டியதும் கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்தில் ஓட்டிப் பார்த்தாள். கிளட்ச் இரண்டு விரலுக்கே வந்தது. ஆனால் முறுக்கினால் இஞ்சின் கத்தியதே தவிர சக்கரம் வேகம் எடுக்கவில்லை. தட்டுகள் வழுக்கின. அலி அக்பர் ஸ்பிரிங்கை இறுக்கினார். வழுக்கல் நின்றது, பாரம் திரும்பி வந்தது. இளக்கினார், மறுபடி வழுக்கியது. மூன்று சாயங்காலம் இப்படியே போயிற்று.

"இஞ்சினுக்குப் பிடிக்கது உங்க கைக்குப் பிடிக்க மாட்டேங்கு டீச்சர்."

[கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்து எழுதியது: சில வண்டிகள் சில கைகளுக்கு]

சித்ரலேகா எழுந்துபோகவில்லை. இடது கையை விரித்து மூடி, விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், இந்தக் கை முழுசா மூடத்தான் செய்யுது. பாரத்தத்தான் தாங்கல. இழுக்க தூரத்தக் கூட்டிப் பாரத்தக் குறைக்க முடியாதா?"

அவர் இஞ்சின் பக்கம் குனிந்தார். பிறகு, கேபிளின் மறுமுனை மாட்டுகிற சின்ன இரும்புக் கையைக் கழற்றி, அதேபோல் இன்னொன்றை ஒரு விரற்கடை நீளமாக அடித்தார். கேபிளில் இருந்த தொய்வை நூலளவுக்குக் குறைத்தார். ஸ்பிரிங்கை இறுக்கியே விட்டார்.

பாலத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனாள். திரும்பி வந்தாள். கிளட்ச் கடைசிவரை வந்தது, சக்கரமும் இஞ்சின் சொன்னதைக் கேட்டது. அலி அக்பர் கையைத் துடைத்துக்கொண்டு, "பைய போங்க டீச்சர்" என்றார்.

5

சனிக்கிழமை காலையில் மெர்வின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"குருபிரசாத் சார் சொன்னாங்க, வண்டி விலைக்கு வருதுன்னு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "அவனோட வண்டியச் சொல்லியிருப்பான் தம்பி. அந்தா நிக்கு பாருங்க, ஸ்கூட்டர்" என்றாள். மெர்வின் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். வாசலில் புல்லட்டை உதைத்துக் கிளப்பியவள் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை.

"ஏறு."

அம்பாசமுத்திரம் தாண்டி, விக்கிரமசிங்கபுரம் தாண்டி, பாபநாசம் வரை நிறுத்தாமல் ஓட்டினாள். மலையேற்றத்தில் ஒரு பஸ் பின்வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. சரிவில் நின்றோம். முதல் கியர். வலது கை பிரேக்கில், இடது கை கிளட்சில்.

இந்த இடத்துக்கு ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். அதில் அவள் கை பூரணமாகக் குணமாகிவிடுகிறது. "என் கையக் கதையில சரியாக்கிராத. இத வச்சுத்தான் ஓட்டுதேன்" என்று அவளே அடித்துவிட்டாள். அவள் என்னை மன்னிப்பதாக இன்னொன்று இருந்தது. அதை நான் அடித்தேன்.

பஸ் விலகியது. வழி திறந்தது. அவள் கிளட்சை விடவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். திரும்பாமலே கேட்டாள்:

"மெர்வினுக்கு ஏம்லே போன் போட்ட?"

"உனக்காகத்தான் அக்கா…"

"அத விடு."

அவளுடைய முன்கை நடுங்கத் தொடங்கியிருந்தது. "இறங்கட்டுமா?" என்றேன்.

"கேட்டதுக்குச் சொல்லு."

நான் சொன்ன பதிலை இங்கே நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான் நல்லவனாகவே வந்தேன். அதனால் நான் இறங்கிக்கொள்கிறேன். பின் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். ஹாரன் ஓயவில்லை. அவள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சொல்லுங்கள்.