மணல் தட்டில் ஒழுகும் வீடு

ஒட்டடைக்குச்சி என்று வகுப்பே கூப்பிட்ட பெண், தன் பதினான்காவது வயதில், வாரத்துக்கு ஒரு விரல்கடை வீதம் குறைய ஆரம்பித்தாள். முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர். "வளர்ற பொண்ணுக்கு எல்லாரும் பிரிச்சு விடச் சொல்லுவாங்க. நீங்க என்னடான்னா மாசாமாசம் பிடிச்சுத் தரச் சொல்றீங்க. இப்படியே போனா அடுத்தது பொம்மைக்குத்தான் தைக்கணும்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பெல்லாம் கச்சிதமாக இருக்கிறது, கொஞ்சம் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான் என்றார்.

அந்த வருஷம்தான் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று பிரிந்து, வீட்டை விற்று, அம்மாவும் மகளும் மூன்றாவது மாடி வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். "பழைய வீட்டுப் பேச்சை இங்க எடுக்கக் கூடாது" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். பேசாவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும் என்பது அவள் கணக்கு. மகள் அந்தப் பேச்சை நிறுத்தினாள். கூடவே மற்ற எல்லாப் பேச்சையும் நிறுத்தினாள். அதனால்தான் மருந்துக்கடை மாடியில் இருந்த மணலக்காவிடம் அவளை அழைத்துப் போனார்கள்.

குழந்தைகள் மனநல ஆலோசகர் என்று பலகையில் எழுதியிருக்கும். வருகிற பிள்ளைகளுக்கு அவர் மணலக்கா. டிஞ்சர் வாசனை ஏறும் படிக்கட்டு, இரண்டு குட்டை நாற்காலி, அலமாரி நிறைய கால் உடைந்த குதிரைகள், ஒரு பிளாஸ்டிக் போலீஸ்காரர். நடுவில் முழங்கால் உயரத்தில் மரத்தட்டு, அதில் மணல். மணலை விலக்கினால் அடியில் நீல பெயின்ட் தெரியும். ஆறு வேண்டியவர்கள் ஆறு செய்துகொள்ளலாம். ஏன், எதற்கு என்று அக்கா கேட்கமாட்டார். பிள்ளை போனதும் ஒரு பலகையால் மணலைச் சமப்படுத்திவிடுவார். அடுத்து வருகிற பிள்ளைக்கு வெறும் மணல்தான் கிடைக்க வேண்டும். அது அந்தத் தொழிலின் சட்டம்.

ஒட்டடைக்குச்சி முதல் நாளே மரக்கட்டைகளால் பழைய வீட்டைக் கட்டினாள். அவள் போனதும் அக்கா பலகையைக் கையில் எடுத்தார். அந்தக் கட்டை வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். பலகை இறங்கவில்லை. தட்டை அப்படியே ஜன்னலோரம் நகர்த்தி, மற்ற பிள்ளைகளுக்கு வேறு தட்டு வாங்கிப் போட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வீடு அவளுக்காகக் காத்திருந்தது. திரும்பும்போதெல்லாம் அவள் தன்னில் ஒரு விரல்கடையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மழை நாளில் அக்கா திரும்பிப் பார்த்தபோது, தீப்பெட்டி அகல வாசலுக்குள் பெண்ணின் கை தோள் வரை போயிருந்தது. தலையையும் சாய்த்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டால் ஆளே உள்ளே. இழுக்கக் கூடாது என்று அக்காவுக்குத் தெரியும். "அம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். சாய்ந்த தலை சரி என்று லேசாக ஆடியது.

வெளிப் பெஞ்சில் இருந்த அம்மா ஓடி வந்து, தட்டருகே முட்டி போட்டு, அந்தக் குட்டி வீட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஹால் மூலை இன்னும் ஒழுகுதே! கூரையைப் பாருங்க, பாருங்கன்னு உங்கப்பாகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"அதான் பக்கெட் வச்சாரேம்மா" என்றாள் மகள். மாதக்கணக்கில் பேசாத குரல், துரு ஏறியிருந்தது.

"வச்சார், வச்சார். ஓட்டை பக்கெட்!"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அம்மா, "அந்தச் சொட்டுச் சத்தம் இல்லாம எனக்கும் தூக்கமே வர்றதில்லடி" என்றாள். பெண் கையை வெளியே எடுத்தாள். முழங்கை வரை நனைந்திருந்தது. அம்மா தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் தையல்காரர் பிடித்த தையலையெல்லாம் பிரித்தார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனார். வீடு திரும்பக் கிடைக்கவில்லை, ஆனால் அதைப் பற்றிய பேச்சு சாப்பாட்டு மேஜைக்குத் தினமும் வந்தது. ஒட்டடைக்குச்சி பழைய உயரத்தையும் தாண்டி வளர்ந்து, இன்று கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறாள். மணலக்கா ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் ஜன்னலோரத் தட்டில் பலகை வைப்பதில்லை. வாரம் ஒருமுறை கூரையைத் தூசி தட்டுவதோடு சரி. அம்மாவும் மகளும் எப்போதாவது படியேறி வந்து, குனிந்து பார்த்து, பக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள். கீழே மருந்துக்கடைக்காரர் மட்டும், மழைக்காலத்தில் அந்த வீட்டு ஹால் ஒழுகித் தன் இருமல் மருந்துப் பெட்டிகள் நனைகின்றன, யாராவது கூரையை மாற்றித் தொலையுங்கள் என்று வருஷாவருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.