ஆள் இருக்கும் வீடு

"எல்லாரும் ஏறியாச்சு. நீ எதுக்கு மூட்டையத் தூக்கிட்டு வர்ற?" என்றார் மாமனார்.

மூத்த மருமகள் லாரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அன்று காலைதான் மாட்டுக்கொட்டகையின் பின்சுவர் ஆற்றுக்குள் சரிந்திருந்தது. மூன்று வருட வெள்ளத்தில் கரை உடைந்து உடைந்து வயல் முழுவதையும் ஆறு தின்றுவிட்டது. மிச்சம் வீடு மட்டும். நகரத்தில் கட்டட வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் குடும்பமே கிளம்பிக்கொண்டிருந்தது.

"வீடு போறவங்களுக்கு மாத்து மனை தர்றாங்களாம். கணக்கெடுக்க வர்றப்ப வீடு பூட்டிக் கிடந்தா பட்டியல்லருந்து பேரை அடிச்சிருவாங்க. யாராவது ஒருத்தர் இருக்கணும்ல?"

"தம்பிய இருக்கச் சொல்லுங்க மாமா. தண்ணிச் சத்தம் கேட்டாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது."

கொழுந்தன் லாரிக் கயிற்றை இறுக்குவதில் மும்முரமானான். மாமியார்தான் பதில் சொன்னாள். "அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு. புருஷன் போனப்புறமும் உனக்குச் சோறு போட்டோம்ல, இதக்கூடச் செய்யமாட்டியா?"

லாரி போய்விட்டது.

கரை சரியும்போதெல்லாம் தரை அதிர்ந்தது. அடுப்படிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. மூன்றாம் நாள் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பழந்துணியைத் திணித்து அடைத்தாள். மறுநாள் துணியைக் காணோம். அந்த இடைவெளியில் ஆறு தெரிந்தது. ஓடிவிடலாம் என்று தெருமுனை வரை போனாள். யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? திரும்பி வந்தாள். பகலிலும் வாசற்படியை விட்டு உள்ளே போய் உட்காரப் பயந்தாள். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஓடத் தயாராக நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம் கணக்கெடுக்கும் அதிகாரி வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"ஏம்மா, இதுக்குள்ளயா குடியிருக்கீங்க? பயமா இல்ல?"

"இருக்குங்க."

பின்பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார். "குடும்பத் தலைவர் பேரு? சீக்கிரம் சொல்லுங்கம்மா."

மாமனாரின் பெயர் நுனிநாக்குவரை வந்தது. அவள் தன் பெயரைச் சொன்னாள்.

"வேற யார் யாரு இருக்கீங்க?"

வாசற்படியை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

"நான் மட்டுந்தாங்க. வேணும்னா உள்ள வந்து பாருங்க."

அதிகாரி உள்ளே வரவில்லை. எழுதிக்கொண்டு, மனைக்கான சீட்டைக் கிழித்து நீட்டினார். "இன்னைக்கே வெள்ள நிவாரண முகாமுக்கு வந்துருங்க."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவள், கதவைக்கூடச் சாத்தாமல், அவருக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தாள்.