இரண்டாவது பிரேக்

எல்லா வீட்டு நாத்தனார்களும் இலவசமாக நொட்டை சொல்வார்கள். என் நாத்தனாருக்கு அதற்குச் சம்பளம் உண்டு. பெரிய கம்பெனி ஒன்றில் மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. வீடு எங்களுக்கு அடுத்த தெருவில். என் மகள் பட்டாணியின் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அனுப்பும் சர்க்கரை அளவைப் போனில் காட்டுகிறதே ஒரு செயலி, அது அவள் கம்பெனி செய்ததுதான்.

பட்டாணிக்கு எட்டு வயது. ஐந்து வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன் தினமும் இன்சுலின். அவளுக்கென்றே ஒரு பழைய போன் வைத்திருக்கிறோம். வீட்டில் இருக்கும்போது ஃபிரிட்ஜின் மேல் இருக்கும். சர்க்கரை இறங்கினால் அது தெருவுக்கே கேட்கும்படி அலறும். நான் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஜூஸோடு ஓடுவேன். மூன்று வருடமாக அந்த அலறலை நம்பித்தான் நான் நிம்மதியாகக் கண்ணை மூடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது அலறவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வழக்கமான சண்டை. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமையும் எங்காவது ஒரு லிஃப்ட் நின்று தொலைக்கும், இவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறுகையில் போனைத் தடவிக்கொண்டிருப்பார். நான் கத்தினேன். முழுச் சாப்பாட்டுக்கும் இன்சுலின் போட்டிருந்த பட்டாணி பாதிச் சாப்பாட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய் சோபாவில் படுத்துவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் பாத்திரம் கழுவினேன். ஐம்பது நிமிடம் கழித்து அவளைத் தாண்டிப் போன என் வீட்டுக்காரர்தான், "ஏய், இங்க வா! இவளுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்று கத்தினார்.

விரலில் குத்திப் பார்த்தால் நாற்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஜூஸை ஸ்பூனால் வாயில் விட்டுவிட்டு, "கண்ணைத் தொறடி, கண்ணைத் தொறடி" என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா அழுற?" என்று கேட்டாள். அப்புறம்தான் போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்பெனி என் எதிரே நின்றிருந்தால் வண்டியை ஏற்றியிருப்பேன். நான் டிரைவிங் கற்றுக்கொடுக்கிறவள், ஏற்றத் தெரியும். கம்பெனி எதிரே நிற்காததால் பேஸ்புக்கில் எழுதினேன். 'கோடி கோடியாய் லாபம் பார்க்கிறவர்களே, என் பிள்ளை உங்களுக்குச் சோதனை எலியா?' என்று ஆரம்பித்து, வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். மறுநாள் பார்த்தால் நாற்பதாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமையே நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, திட்டுங்க. வேணாம்னு சொல்லல. ஆனா எதுக்குத் திட்டணுமோ அதுக்குத் திட்டுங்க. என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கே இன்னும் தெரியல."

"தெரியலையா? வெக்கமா இல்ல? எம் பொண்ணு செத்துப் பொழைச்சிருக்கா!"

"அவ எனக்கும் மருமகதான் அண்ணி," என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நேரில் வந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். வந்ததும் பட்டாணியை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாக என்னிடம் பேசினாள்.

"நாளைக்குக் காலையில விசாரணையை முடிச்சிடுவாங்க அண்ணி. சென்சார் கெட்டுப்போச்சுன்னு எழுதப் போறாங்க. எங்க பதிவுல ஒரு ஓட்டையும் இல்ல. அம்பது நிமிஷமும் நூத்திப் பன்னிரண்டு, நூத்திப் பன்னிரண்டுன்னு வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு மனசு ஒப்பல. ஒரு குழந்தையோட சர்க்கரை அம்பது நிமிஷம் அசையாம நிக்குமா? எதையோ நாம பாக்காம விடுறோம். அன்னிக்கு வேற ஏதாவது நடந்துச்சா?"

"என்ன நடக்கும்? உங்க ஆளுங்க மூடி மறைக்கப் பாக்குறாங்க. போன் அது பாட்டுக்கு ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சு," என்றேன்.

பேசியது போதும், சாப்பிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். சாப்பிடும்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எல்லார் போனும் ஒரு பழைய தகர பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். பாத்திரம் கழுவி முடிக்கும்வரை மூடி திறக்காது. சட்டம் போட்டவள் நான். 'பட்டாணி போன் இதற்குள் போகாது' என்று மூடி மேல் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவளும் நான்தான்.

அவர் போன், நாத்தனார் போன், என் போன் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டு மூடியை அழுத்தினேன். டக்கென்று சத்தம் வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் அழுத்தினேன். அன்றைக்குக் கோபத்தில் அவர் போனைப் பிடுங்கி, என் போனை எடுத்து, போகிற போக்கில் ஃபிரிட்ஜ் மேல் இருந்ததையும் வாரி உள்ளே போட்டு, ஓங்கி அடித்து மூடினேன். பிறகு பட்டாணி கண் திறந்ததும் போனை எடுத்தேனே, அதை இந்த டப்பாவிலிருந்துதான் எடுத்தேன். நாற்பதாயிரம் பேரைக் கூட்டி வைத்துக் கம்பெனியைத் திட்டியவள், என் கை செய்ததை மறந்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? நாளைக் காலையில் சென்சார் மேல் பழி போகும், கதை முடிந்துவிடும். சொன்னால் என் பிள்ளையைச் சாவின் வாசல்வரை அனுப்பியவள் நான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். அவர் என்னை எப்படிப் பார்ப்பார்? எதிரே நாத்தனார் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு, 'அம்பது நிமிஷம்... எப்படி...' என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பட்டாணி அவள் தட்டிலிருந்து திருடித் தின்றுகொண்டிருந்தாள். இவளைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் அந்தச் செயலியை நம்பிப் படுத்திருக்கும்?

"நான்தான்," என்றேன்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"அன்னிக்கு அவ போனையும் நான்தான் டப்பாவுக்குள்ள போட்டேன். கோவத்துல. இப்பதான் ஞாபகம் வருது. தகர டப்பா. சென்சார்லேர்ந்து ஒண்ணும் உள்ள போயிருக்காது. எம் பொண்ணை நானே..."

என் வீட்டுக்காரர் என் முதுகில் கை வைத்தார். நாத்தனார் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்தாள்.

"டப்பாவா! அய்யோ அண்ணி, டப்பாவா! அந்தப் போனைக் குடுங்க!"

எங்கள் போன்களை மேசையில் கொட்டிவிட்டு, பட்டாணியின் போனை உள்ளே வைத்து மூடினாள். தொடர்பு அறுந்து இருபது நிமிடம் ஆனால் அலறியே ஆக வேண்டும், அதுதான் விதி என்றாள். என் வீட்டுக்காரர் விரலில் குத்திப் பார்க்கும் கருவியோடு பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்து, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தோம். இருபது நிமிடம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. டப்பா மூச்சு விடவில்லை.

திறந்தாள். பச்சை நிறத்தில் நூற்று முப்பத்தொன்று, இப்போதுதான் வந்ததாக நேரமும் போட்டிருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் நூற்றறுபத்தெட்டு.

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "போன மாசம் செயலியில ஒண்ணு மாத்தினோம், அதான். புது அளவு வரலைன்னா, கடைசியா வந்த பழைய அளவையே புதுசுன்னு நெனச்சுக்குது. அதான் பதிவுல ஓட்டை இல்ல. அதான் கத்தல. எங்க தப்பு அண்ணி, எங்க தப்பேதான்."

"உங்க தப்பு எங்க வந்துச்சு? டப்பாவுக்குள்ள போட்டவ நானு."

"உங்க வண்டியில உங்க காலுக்கடியில தனியா ஒரு பிரேக் இருக்கே, அது எதுக்கு?"

"கத்துக்க வர்றவன் சொதப்புவான். அதுக்குத்தான்."

"அவன் சொதப்பி, வண்டி போய் இடிச்சா யார் தப்பு?"

"சொதப்பினது அவன் தப்பு. மிதிக்காம உக்காந்திருந்தா எந் தப்பு."

"அவ்வளவுதான். நீங்க சொதப்பினீங்க. நாங்க மிதிக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். "மனுஷங்க டப்பாவுல போடுவாங்க, பையில போடுவாங்க, மறப்பாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு கத்துறதுக்குத்தான் அந்தச் செயலியே இருக்கு."

மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்போதுதான் நகர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன். பட்டாணி, "அத்தை, அம்மாவை நீ திட்டினியா?" என்று சண்டைக்குப் போனாள்.

அன்றைக்கே டப்பா கதையையும் எழுதிப் போட்டேன். திட்டியதைத் திரும்ப வாங்கவில்லை, என் பங்கையும் அதன் கீழே சேர்த்தேன். பாதிப் பேர் என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். எடுக்கட்டும். என்ன கோளாறு என்று கம்பெனியும் வெளிப்படையாக எழுதியது. சனிக்கிழமை திருத்தம் வந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரையும் கூப்பிட்டு, வேண்டுமென்றே அந்தப் போனை டப்பாவுக்குள் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். சரியாக இருபதாவது நிமிடம் டப்பா கிடுகிடுவென்று ஆடி, மேசையே அதிர அலறியது. மூடியைத் திறந்தால், 'தகவல் வரவில்லை. குழந்தையை நேரில் பாருங்கள்' என்று திரையில் சிவப்பாக ஓடியது.

நேரில் பார்த்தேன். வாய் நிறையச் சாப்பாட்டோடு காதைப் பொத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நான் இங்கதானே இருக்கேன், அது ஏம்மா கத்துது? நிறுத்து!"

"கொஞ்ச நேரம் கத்தட்டும்டி," என்றேன். "கேக்கறதுக்கு நல்லா இருக்கு."