நடுப்பாலத்து பெஞ்சு

தபால்காரரின் மனைவிக்கு அந்தப் புகழ்பெற்ற பாலத்தை நடந்து கடக்க ஏழு வருடம் ஆனது. அவள் பாலத்தில் ஏறிய வருடம்தான் வெங்காயம் விலை இரட்டிப்பானது, கம்பிகளுக்குப் புதிதாகச் சாம்பல் நிறப் பெயிண்டும் அடித்தார்கள்.

இருவரும் வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள். படத்தில் மட்டுமே பார்த்திருந்த பாலத்தை, ஓய்வு பெற்ற கையோடு நடந்தே கடக்க வேண்டும் என்று தபால்காரருக்கு ஆசை. பஸ்ஸில் போவதெல்லாம் அவர் கணக்கில் ஊர் பார்த்ததில் சேராது. காலமெல்லாம் தபால் கொடுத்துத் திரிந்த கால். கதவு எண்ணைப் பார்த்தபடி விறுவிறுவென்று போகுமே தவிர யாருக்காகவும் நிற்காது. கல்யாணத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர் பத்தடி முன்னால், அவள் பத்தடி பின்னால். நடுப்பாலத்தில் அவள் செருப்பு வார் அறுந்தது.

“ஏங்க, கொஞ்சம் நில்லுங்க.”

“நீ மெதுவா வா. நான் போயி டீ சொல்றேன்.”

டீ வந்து, ஆறி, ஆடையும் கட்டியது. அவள் வரவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டுதான் இருந்தாள். கரையே வரமாட்டேன் என்கிறது என்றாள். சேர்ந்து நடந்தார்கள். அவர் கால் மண்ணில் பட்டபோது பக்கத்தில் அவள் இல்லை. நடுப்பாலத்து விளக்குக் கம்பத்தடியில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த வழியே திருப்பிக் கூட்டிப் போனாலும் அதே கதை. கையைப் பிடித்து நடந்தார். இடுப்போடு இடுப்பாகக் கயிறு கட்டி நடந்தார், கயிறுதான் மிச்சம். டாக்ஸியில் ஏற்றினார், கரையில் கதவைத் திறந்தால் ஸீட்டில் அவள் கைப்பை மட்டும் இருந்தது.

இன்ஜினியர்கள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். கல்வெட்டில் போட்டிருந்த நீளத்துக்கு ஒரு விரல்கூடக் கூடவில்லை. பாலத்தில் குறையில்லை, வேண்டுமானால் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். என்ன வியாதி என்று சொல்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. நகராட்சி தன் பங்குக்கு அந்தக் கம்பத்தடியில் ஒரு பெஞ்சும் தகரக் கூரையும் போட்டுக் கொடுத்தது. சுற்றுலா வழிகாட்டிகள் பாலத்தின் கோபுரத்தையும் இரும்புச் சங்கிலியையும் காட்டிவிட்டு அவளையும் காட்டினார்கள்.

தபால்காரர் கரையோரம் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்தார். ஜன்னலைத் திறந்தால் பெஞ்சு தெரியும். சமைக்கக் கற்றுக்கொண்டார், கேரியரைத் தூக்கிக்கொண்டு தினமும் பாலமேறினார். மகள் வந்து, “ஏதாவது பண்ணுங்கப்பா” என்று அழுதுவிட்டுப் போனாள். அவர் மட்டும் என்ன பண்ணுவார், பாவம். ஒரு நாள் ஆற்றாமையில் கைப்பிடிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அவள்தான் நெற்றியைத் தடவிவிட்டாள்.

“விடுங்க. இத்தனை வருஷம் உங்க முதுகைப் பாத்துக்கிட்டே வந்தேன். இப்பத்தான் தினமும் மூஞ்சியப் பாக்குறேன்.”

அவர் விடுகிற ஆளா? தினமும் அவளோடு கரைவரை நடந்தார், தினமும் தனியாக வந்து சேர்ந்தார்.

ஏழாவது வருட மழைக்காலத்தில் அப்படி நடக்கும்போது முழங்கால் மடங்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. ஆளைக் கூட்டி வருகிறேன் என்று அவள் பதறிப்போய் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். அவள் நடப்பதைப் பின்னாலிருந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பவள் என்று தெரியாமலே ஆயுசில் பாதிக்குமேல் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கால் மண்ணில் இறங்கியது.

கூலியாட்கள் இருவர் வந்து அவரைத் தூக்கினார்கள். கரைக்கு வந்தபோது அவர்கள் கை வெறுமையாக இருந்தது. தபால்காரர் நடுப்பாலத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று அவள் வாய்விட்டு அழுதாள். ஏழு வருடமாக அழாததையும் சேர்த்து அழுதாள். மறுநாள் மாடியறைச் சாவியை வாங்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

நகராட்சி பெஞ்சை மாற்றவில்லை. வழிகாட்டிகள் அந்தம்மா என்று சொன்ன இடத்தில் அந்தப் பெரியவர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவள் கேரியரோடு வந்து, பொழுது சாயும்வரை இருந்துவிட்டு எழுந்திருப்பாள்.

“நீங்க மெதுவா வாங்க. நான் போயி டீ சொல்றேன்.”

சரி என்று அவரும் எழுந்து பத்தடி பின்னால் நடக்கிறார். அவள் ஒவ்வொரு கம்பத்திலும் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.